கண்காணி என்னும் பெயர்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில், சூளையிலிருந்து இறக்கிய டீ கப்புகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவின் எதிரே காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தேன். இடது கையால் கப்பின் காதைப் பிடித்துத் தூக்குவார். வலது கை நடுவிரல் முட்டியால் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு தட்டு. 'ணங்' என்றால் வலப்பக்கப் பலகைக்கு, 'டொக்' என்றால் இடப்பக்கக் கூடைக்கு. கூடையில் போட்ட ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிளேஸ் கண்ணாடி போல மின்னியது. பழுது எதுவும் கண்ணில் படவில்லை. "பாத்தா தெரியாதுங்க. கேட்டாத்தான் தெரியும்" என்றார், தலை நிமிராமலே.

எனக்கு உடனே பக்கத்து ஊர் நினைவு வந்தது. நெய்வேலியில், என்.எல்.சி. நிறுவனத்தில், தலைமைக் கண்காணிப்பு அதிகாரி என்று ஒரு பதவி உண்டு. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாவற்றிலும் உண்டு. ஊழியர்கள் சுருக்கமாக 'விஜிலென்ஸ்' என்பார்கள். தனியார் கம்பெனிகளில் இதற்கு நெருங்கிய உறவான பதவிக்கு 'எத்திக்ஸ் ஆபீசர்' என்று பெயர். தமிழில் எழுதினால் நெறிமுறை அலுவலர். நிறுவனத்துக்குள் நடக்கும் பழுதை வெளியே உடையும் முன் கண்டுபிடிப்பது இவர்கள் வேலை. கண்டுபிடிப்பது என்ற சொல்லிலும் கண்தான் இருக்கிறது. 'கண்காணிப்பு' என்ற பெயர் எங்கிருந்து வந்தது, வழியில் அதன்மேல் என்னென்ன ஒட்டிக்கொண்டது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

கண் + காண் + இ. விறகுவெட்டி என்ற சொல் எப்படி அமைந்ததோ அப்படியே கண்காணியும். நிலத்தைக் குறிக்கும் காணிக்கும் இதற்கும் உறவில்லை. கண்ணால் காண்பவன், அவ்வளவுதான். சோழர் கல்வெட்டுகளில் இந்தப் பெயர் மரியாதையோடு நடமாடுகிறது. கோயில் நிர்வாகம் நடத்துவது ஸ்ரீகார்யம். அதை மேற்பார்ப்பவர் ஸ்ரீகார்யக் கண்காணி. விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயிலை உத்தம சோழன் காலத்தில் அவன் தாய் செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்தார். அந்தக் காலத்துக் கோயில் ஒன்றில் நந்தா விளக்கு எரிய 96 ஆடோ 90 ஆடோ விடுவார்கள். ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், ஈனும். கணக்கில் மட்டும் சாவதுமில்லை, மூப்பதுமில்லை. கொடுத்தவர் இறந்து நூறு வருடம் ஆனாலும் உழக்கு உழக்காகவே இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். கண்காணி பார்த்தது, கேட்டுக்கொள்ள இனி வர முடியாத ஒருவருக்காக. அந்தப் பெயரின் பெருமை இதில்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

விருத்தாசலம் என்பதே மாறிய பெயர். தேவாரக் காலத்தில் திருமுதுகுன்றம். விருத்தம் முதுமை, அசலம் மலை. சொல் வடமொழிக்குப் போனாலும் பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கண்காணிக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. சொல் மாறவில்லை. நாக்கில் உருண்டு கங்காணி ஆனது, அவ்வளவே. பொருள்தான் கப்பலேறிப் போய்விட்டது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி என்றால் ஆள் பிடித்து வந்து, மேய்த்து, கடனும் கொடுப்பவர். சில்லறைக் கங்காணி, அவருக்கு மேல் பெரிய கங்காணி. பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்பில் நின்று வேலைக்குப் போன தலை ஒவ்வொன்றுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. தொழிலாளி பட்ட கடனைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தக் கடனைத் தீர்க்க ஒப்புக்கொள்ளும் தோட்டத்துக்கே அவர் போக முடியும். ஆளோடு கடனும் கைமாறியது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். போனவர்களில் தென்னார்க்காட்டு மக்களும் உண்டு. 1938இல் இந்திய அரசு தடைவிதித்த பிறகே அது நின்றது. கோயிலில் பார்த்த அதே கண்தான். யாருக்காகப் பார்க்கிறது என்பது மட்டும் மாறியது. இன்றும் ஒருவரைக் 'கங்காணி வேலை பாக்காதே' என்று அதட்டினால், அந்த அதட்டலில் தோட்டத்து வெயில் இருக்கிறது.

சுதந்திர இந்தியா இந்தப் பெயரைத் துடைத்து மறுபடி பயன்படுத்தத் தொடங்கியது. தமிழரான கே. சந்தானம் தலைமையில் 1962இல் ஊழல் தடுப்புக் குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1964 பிப்ரவரியில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வந்தது. நிறுவனங்களில் தலைமைக் கண்காணிப்பு அதிகாரியாக முழுநேரம் இருப்பவர் பெரும்பாலும் வெளியிலிருந்து, ஆணையத்தைக் கலந்து நியமிக்கப்படுபவர். உள்ளூர் மேலதிகாரியின் தயவில் பதவி உயர்வு பெற வேண்டியவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது அதன் உட்கருத்து. மிகச் சரியான கருத்து.

அமெரிக்காவில் கதை வேறு. பாதுகாப்புத் தளவாட ஊழல்களுக்குப் பிறகு 1986இல் அந்தத் துறைக் கம்பெனிகள் கூடித் தங்களுக்கே நெறி வகுத்துக்கொண்டன. 1991இல் நிறுவனங்களுக்கான தண்டனை வழிகாட்டு விதிகள் வந்தன: தவறைத் தடுக்க உண்மையான ஏற்பாடு வைத்திருந்தால் அபராதம் குறையும். 'எத்திக்ஸ் ஆபீசர்' என்ற பெயர் இதன் பிறகே மளமளவென்று பெருகியது. அபராதத்துக்குப் பயந்து வைத்த நாற்காலியும் உண்டு, மனமறிந்து வைத்த நாற்காலியும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் மின்னும்.

அந்த அம்மா சொன்னது இங்கேதான் உதவுகிறது. கணக்குப் பார்ப்பதை எல்லா அலுவலகமும் 'ஆடிட்' என்கிறது. அதன் லத்தீன் வேருக்குக் கேட்டல் என்று பொருள். பழைய இங்கிலாந்தில் கணக்கை உரக்கப் படிப்பார்கள், தணிக்கை செய்பவர் காது கொடுத்துக் கேட்பார். நம் மொழியில் 'கேள்' இன்னும் ஆழமானது. செவியால் கேட்பதும் கேள், ஏன் என்று தட்டிக் கேட்பதும் கேள். 'கேக்க ஆளில்ல' என்று கிராமத்தில் சொல்லும்போது இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன: என் குறைக்குச் செவி கொடுப்பவரும் இல்லை, அவனை நிறுத்திக் கேள்வி கேட்பவரும் இல்லை. சோழர் அரசில் திருவாய்க்கேள்வி என்றே ஓர் அதிகாரி இருந்தார். அரசன் வாய்மொழியைக் கேட்டுக் கீழே சொல்பவர். மேலிருந்து வருவதைக் கேட்க அன்றைக்கே பதவி இருந்தது. கீழிருந்து வருவதைக் கேட்கும் காதுக்குத்தான் இன்றைக்கு ஆள் வேண்டும்.

அந்தக் காது கவனமில்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சத்யேந்திர துபேயின் பெயர் போதும். தேசிய நெடுஞ்சாலைப் பணியிலிருந்த அந்தப் பொறியாளர், முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியபோது தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடே அலுவலகம் அலுவலகமாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்று வழக்கு முடிந்தது. ஆனாலும், சொன்னவர் பெயரைக் காப்பது அரசின் பொறுப்பு என்பது நாட்டுக்கு உறைத்தது. 2004இல், புகாரைப் பெற்றுப் பெயரை மறைத்து வைக்கும் பொறுப்பைக் கண்காணிப்பு ஆணையத்திடம் அரசு ஒப்படைத்தது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளில் புகார் சொல்ல வழி வைக்கச் சொல்கிறது. அவசியப்பட்டால் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரே அணுகலாம் என்கிறது. சட்டம் காதைப் பொருத்திவிட்டது.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் வெளியூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். வராத சரக்குக்கு வந்ததாக பில் போடச் சொல்கிறார்கள். அவர் மேசைக்கு எதிர்ச் சுவரிலேயே அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, புகார் சொல்லும் எண்ணோடு. "நம்பர் இருக்குண்ணா. போட்டா யார் கேப்பாங்கன்னுதான் தெரியல" என்றார்.

எண்ணை போனில் பதிந்து வைத்திருக்கிறார். ஆறு மாதமாகிறது.