நான்கு பையன்களும் ஒரு டெஸ்ஸியும்

சென்ற வாரம் மேடைப் பாடகி டெஸ்ஸி ஓஷேயை பிராட்வே வாசலில் விட்டுவிட்டு வந்தோம். நாடகாசிரியர் நோயல் கோவர்ட் அவருக்கென்றே எழுதிய ஏடா காக்கிள் வேடம், அதற்குக் கிடைத்த டோனி விருது, கார்டிஃப் பெண்ணின் வாழ்க்கை திரும்பிய கதை எல்லாம் இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். சொல்லத்தான் போகிறேன்.

கோவர்டின் இசை நாடகம் ‘தி கேர்ள் ஹூ கேம் டு சப்பர்’ 1963 டிசம்பர் 8-ல் பிராட்வேயில் அரங்கேறியது. 1911 முடிசூட்டு விழாவுக்கு லண்டன் வரும் இளவரசன், அவன் கண்ணில் படும் நாடகக்காரி என்று போகும் கதை. அரங்கேற்றத்துக்குச் சில நாள் முன்புதான் கென்னடி சுடப்பட்டார். அரசர்களைக் கொல்லப் பார்ப்பவர்களைக் கேலி செய்யும் ஒரு பாட்டு நாடகத்தில் இருந்தது. அதைத் தூக்கிவிட்டு வேறு பாட்டு வைத்தார் கோவர்ட். ஊர் துக்கத்தில் இருக்கும்போது மேடையில் என்ன பாடலாம், என்ன பாடக்கூடாது என்று தெரிந்த மனிதர். இந்தத் தொடரில் என் கதாநாயகன் யார் என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்கு இதுவே பதில்.

அந்த நாடகத்தில் மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் விற்கும் கிழக்கு லண்டன்காரி ஏடாவாக டெஸ்ஸி வருவார். கதைக்கும் அவருக்கும் பெரிய ஒட்டுறவு கிடையாது. லண்டனைப் பற்றி வரிசையாகச் சில பாட்டுகள் பாடிவிட்டுப் போவார். விமர்சகர்கள் இளவரசனை மறந்துவிட்டு மீன்காரியைப் பற்றி எழுதினார்கள். இதைக் கவனித்தவர்களில் ஒருவர் தொலைக்காட்சித் தொகுப்பாளர் எட் சல்லிவன்.

1964 பிப்ரவரி 9, ஞாயிறு இரவு. சல்லிவனின் தொலைக்காட்சி மேடை. ஏறக்குறைய 700 இருக்கைக்கு 50,000 பேர் சீட்டு கேட்டிருந்தார்கள். வீடுகளில் பார்த்தவர்கள் 7 கோடியே 30 லட்சம். பீட்டில்ஸ் அமெரிக்காவில் முதன்முறை நேரடியாகப் பாடிய இரவு என்று உலகமே அறியும். அதே இரவில் அதே மேடையில் டெஸ்ஸியும் பாடினார் என்பதைத்தான் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

நிகழ்ச்சி வரிசையைப் பாருங்கள். முதலில் பீட்டில்ஸ். பிறகு ஃப்ரெட் காப்ஸ் என்ற டச்சு மந்திரவாதி. ‘ஆலிவர்!’ நாடகக் குழு; அதில் டேவி ஜோன்ஸ் என்று ஒரு பையன், பின்னாளில் மங்கீஸ் குழுவில் பாடியவன். பலகுரல் கலைஞர் ஃப்ராங்க் கோர்ஷின். அவருக்குப் பிறகு டெஸ்ஸி. அடுத்து மெக்கால்–பிரில் என்ற இளம் நகைச்சுவை ஜோடி. அதன்பின் மறுபடி பீட்டில்ஸ். கல்யாணப் பந்தியில் பாயசத்துக்காகவே உட்கார்ந்திருப்பவன் இலையில் பாகற்காய் விழுவதுபோலத்தான் அரங்கிலிருந்த சிறுமிகளுக்கு இடையில் வந்த அத்தனை பேரும்.

மெக்கால்–பிரில் ஜோடியை அந்த இரவு விழுங்கிவிட்டது. ஒத்திகை பார்த்த சல்லிவன், இது சின்னப் பிள்ளைகள் கூட்டம், உங்கள் நாடகம் எடுபடாது, மாற்றுங்கள் என்று கடைசி நேரத்தில் சொல்லிவிட்டார். அவசரத்தில் ஒட்டுப்போட்ட குறுநாடகத்துக்கு யாரும் சிரிக்கவில்லை. பல ஆண்டுகள் இருவரும் அந்த இரவைப் பற்றி வாய் திறக்கவே கூசினார்கள். திறமை இல்லாதவர்கள் அல்ல. கூட்டம் அவர்களுடையது அல்ல, அவ்வளவுதான்.

டெஸ்ஸிக்கு மட்டும் எப்படி முடிந்தது? வயது 50. ஆறு வயதிலேயே ‘வேல்ஸின் அதிசயம்’ என்ற பட்டத்தோடு மேடை ஏறியவர். பிளாக்பூலில் விடுமுறைக் கூட்டத்தைக் கட்டி ஆண்டவர். தன் பருமனை அடுத்தவன் கேலி செய்யுமுன் தானே ‘இரண்டு டன் டெஸ்ஸி’ என்று பாட்டாக்கிக்கொண்டவர். சிரிப்பின் சாவி தன் கையில் இருக்கும்வரை எந்தக் கூட்டமும் தன்னைக் காயப்படுத்த முடியாது என்று அவருக்குத் தெரியும். பாட்டுக்குப் பாட்டு தாவி, பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த அப்பா அம்மாக்களைப் பிடித்துக்கொண்டார்.

பீட்டில்ஸ் பற்றி எழுதியவர்கள் இங்கேதான் என் கோபத்துக்கு ஆளாகிறார்கள். மியூசிக் ஹால் என்ற பழைய பல்சுவை மேடைக் கலை செத்து ராக் பிறந்த இரவு என்று எழுதி, டெஸ்ஸியை வழியில் கிடந்த குண்டுப் பெண்மணியாக ஒரு வரியில் தள்ளிவிடுகிறார்கள். மந்திரவாதி, பலகுரல், பாட்டு, குட்டிக்கரணம் என எல்லா வயதுக்கும் ஏதாவது ஒன்று தருவது மியூசிக் ஹால்காரர்களின் பழைய வித்தை. அந்த வித்தைதான் தாத்தா முதல் பேத்திவரை ஒரே பெட்டி முன் உட்காரவைத்தது. தனியாக ஒரு ராக் நிகழ்ச்சி வைத்திருந்தால் 7 கோடிப் பேர் வந்திருப்பார்களா?

இன்னொன்றும் உண்டு. மியூசிக் ஹால் பாடகர் ஜார்ஜ் ஃபார்ம்பி பாணியில், பாஞ்சோ உடம்பும் உகுலேலே கழுத்துமான வாத்தியத்தை வாசித்துத் தன் நிகழ்ச்சியை முடிப்பது டெஸ்ஸியின் வழக்கம். அன்று அதே மேடையில் கிதார் வாசித்த ஜார்ஜ் ஹாரிஸன் பின்னாளில் யார்மேல் பித்தாக அலைந்தார் தெரியுமா? அதே ஃபார்ம்பி மேல். உகுலேலேயும் கையுமாக. செத்துப்போனதாகச் சொல்லப்படும் கலை கொஞ்சம் பொல்லாதது.

பக்கம் தீர்ந்துவிட்டது, டோனி விருது அப்படியே நிற்கிறது. வாங்கினார், 1964-லேயே. ஆனால் 112 காட்சிகளோடு மார்ச் 14-ல் நாடகம் மூடப்பட்ட பிறகு. கடையைச் சாத்திவிட்டுப் போனபின் மீன்காரிக்கு மட்டும் பரிசு வந்தது ஏன்? அடுத்த வாரம், கட்டாயமாக.