படையை விட்டு வந்தவரின் மக்னோலியா

மக்னோலியா எண்டால் எங்களுக்குச் சம்பந்தமில்லாத மரமெண்டு நினைக்கிறம். செண்பகமும் அதே பேரினம்தான்.

பூந்தோட்டங்களில் இண்டைக்கு அதிகம் காணுகிற மக்னோலியாவை உருவாக்கியவர் பிரான்சின் எத்தியேன் சூலான்ஜ்-போதன். நெப்போலியன் காலத்துப் படை அதிகாரி. பிறகு பரிசுக்குப் பக்கத்தில தோட்டம் அமைத்தவர். 1820இல் சீனாவின் வெள்ளை மக்னோலியாவையும் ஊதா மக்னோலியாவையும் கலந்தார். முதல் பூ 1826இல்தான் பூத்தது.

இந்த மரத்துக்கு அவசரம் சரிவராது. வேர் சதைப்பிடிப்பாக, மேலாகவே ஓடும்; கிண்டினால் காயப்படும், வளர்ந்தபின் இடம்மாற்றினால் வாடிப்போகும். அடியில சருகு போட்டு ஈரம் காக்கவேணும். பூ முடிஞ்ச பிறகுதான் கொப்பு வெட்டலாம்.

நட்டவர் அதே இடத்தில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். இடம்பெயர்வுக் கதைகளோட வளர்ந்த நாங்கள், நெப்போலியனின் வெற்றிகளை விட அந்த ஆறு வருசத்தைத்தான் வரலாறாக வாசிக்கிறம்.