பத்து ஆராங் நிலக்கரி நகரும் தமிழ்க் குடும்பங்களும்

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழருக்கு மலாயாவில் முதலில் தென்பட்ட கரை பினாங்கே ஆகும். இங்கு இறங்கியோர் தோட்டங்களுக்கும் இரயில்வேக்கும் துறைமுகத்துக்கும் பிரிந்து சென்றனர். மலாயாத் தமிழர் உழைத்த இடங்களுள் இன்று பலரும் மறந்துவிட்ட ஒன்று சிலாங்கூர் மாநிலத்துப் பத்து ஆராங்.

மலாய் மொழியில் அப்பெயருக்கே நிலக்கரி என்பது பொருள். 'மலாயன் கொலியரீஸ்' நிறுவனம் 1915ஆம் ஆண்டில் அங்கு நிலக்கரி தோண்டத் தொடங்கியது. இரயில்களும் மின் நிலையங்களும் ஈயச் சுரங்கங்களும் அக்கரியால் இயங்கின. தொழிலாளருள் சீனரே பெரும்பான்மையினர். தமிழரும் அவர்களோடு உழைத்தனர்.

வேலை தந்த நிறுவனமே குடியிருப்பையும் மருத்துவமனையையும் அமைத்திருந்தது. ஆதலின் குடும்பத்தின் கூலி, கூரை, மருந்து யாவும் ஒரே கையில் அடங்கின. இந்நிலையிலும் 1937 மார்ச்சில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்து, சுரங்கத்தையே தம் வசப்படுத்தினர். காவல்படை புகுந்து அதனை அடக்கியது. அடுப்பெரியுமா என்ற கவலையைச் சுமந்தபடியே அத்துணிவு பிறந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பின்னர் இரயில்வே எண்ணெய்க்கும் டீசலுக்கும் மாறியது. கரியை வாங்குவோர் குறைந்தனர். 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்பை நாடிக் குடும்பங்கள் பல திசைகளிலும் சிதறின.

அன்று பள்ளிச் சிறாராக இருந்தோர் இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டனர். கம்பெனிக் கணக்கேடுகளில் கரியின் எடை பதிவாயிற்று. தாய்மார் குடும்பம் நடத்திய விதம் பதிவாகவில்லை. அம்முதியோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தல் இளந்தலைமுறையின் கடமையாகும்.