பாண்டிய நாட்டுச் சங்கறுப்பு

மதுரையின் நகைத்தொழில் வரலாற்றை எழுதியோர் பொன்னுக்கும் முத்துக்கும் தந்த இடத்தைச் சங்குக்குத் தந்ததில்லை. ஆயினும் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, நகரத் தெருக்களின் தொழிலாளரை வரிசைப்படுத்தும்போது, சங்கை அறுத்துக் கடைவோரை முதலில் நிறுத்தி, மணிகளைத் துளையிடுவோரையும் பொன்னணி செய்வோரையும் பொன்னை உரைத்து மாற்றுக் காண்போரையும் அவர்களுக்குப் பின்னரே கூறுகிறது. சங்கும் மணியும் பொன்னும் அடுத்தடுத்த கைகளில் உருப்பெற்ற நகரம் அது.

தொழிலின் நுட்பத்தை அகநானூற்றின் 24ஆம் பாடல் காட்டுகிறது. ஆவூர் மூலங்கிழார் பாடிய அதில், வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் வாளரத்தால், அதாவது வாள் போன்ற அரத்தால், சங்கை அறுத்து வளைகளை எடுத்துக்கொண்டபின் எஞ்சும் சுரிந்த நுனி, மலராத பகன்றை அரும்புக்கு உவமையாகிறது. வளையை விட்டுக் கழிவை உவமையாக எடுத்ததிலிருந்தே புலவர் பட்டறையை நேரில் கண்டவர் எனக் கருதலாம். சங்கைக் குறுக்காக அறுத்தால் அகன்ற வயிற்றுப் பகுதியில் மட்டுமே கையில் ஏறும் வளையங்கள் சில கிடைக்கும் என்பதால், கூரிய நுனியும், உள்ளே முறுக்கிச் செல்லும் நடுத்தண்டும் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டன. சங்கறுப்பு நடந்த இடத்தை அகழாய்வாளர் அடையாளம் காண்பதும் இத்தகைய கழிவுகளைக் கொண்டே. மதுரைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் உள்ள கீழடியில் சங்கு வளையல்களும் பொன்னணித் துண்டுகளும், காட்டுப்பன்றி உருவம் பொறித்த சூதுபவளமும் கிடைத்துள்ளன.

கல்லில் உருவத்தைக் குழிவாகப் பொறிப்பதற்கு மறுதலையானது, உருவத்தை மேலெழுப்பிச் சுற்றுப்புறத்தைச் செதுக்கி நீக்கும் கேமியோ. 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் நேப்பிள்சுக்கு அருகிலுள்ள டோரே டெல் கிரேகோ நகரத்தார் சிப்பியில் இவ்வாறு செதுக்கிய முகங்கள், பொற்சட்டத்தில் பதிக்கப்பட்டு ஐரோப்பியப் பெண்களின் மார்பணிகளாயின. அவர்கள் எடுத்தாண்ட தலைக்கவசச் சிப்பிகளில் மேலே வெண்மையும் அடியில் பழுப்பு அல்லது செம்மையுமாக இரு நிறப் படலங்கள் இருப்பதால், வெள்ளை உருவம் நிறத் தரையில் தனித்துத் தெரியும். மன்னார் வளைகுடாவின் பால்சங்கோ அறுத்த இடமெல்லாம் ஒரே வெண்மையாக இருப்பது. அதில் முகம் செதுக்கினால் எடுப்பாகத் தெரியாது. பாண்டிய நாட்டுக் கைவினைஞர் சங்கில் வளையை நாடியதற்குத் திறக்குறை காரணமன்று, பொருளின் இயல்பே காரணம் என்பது பொருத்தமான முடிவு.

பிற்காலத்தில் அறுக்கும் தொழில் தென்னாட்டில் மங்கியது, சங்கு குளிக்கும் தொழிலோ நிலைத்தது. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என அடுத்தடுத்து ஆதிக்கம் கைமாறியபோதும் தூத்துக்குடிச் சங்கு வங்காளத்துக்கே கப்பலேறியது. அங்கு டாக்காவின் சாங்காரிகள் எனப்படும் சங்கறுப்பார், இரு கைப்பிடி கொண்ட பிறைவடிவ வாளால் அதை அறுத்து, மணமான இந்துப் பெண்கள் அணியும் சாங்கா வளையலாக்கினர். சென்னை மாகாண மீன்வளத்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட சங்கு பற்றிய நூல், அறுப்பு முறையோடு அதன் பழமையையும் ஆராய்ந்தது. வங்காளத்தில் அவ்வளையல்களுக்குப் பொற்பூண் கட்டும் வழக்கம் இன்றும் உண்டு. மூலப்பொருளை அனுப்பிய நாட்டிலோ சங்கு, பூசைக்கும் குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கடைக்கும் உரியதாகச் சுருங்கியது.

கேமியோவுக்கு ஏற்ற தலைக்கவசச் சிப்பி வகைகள் சிலவற்றை, இந்திய அரசு 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது; பால்சங்கு அப்பட்டியலில் இடம்பெறவில்லை.