பெரம்பூரில் மறுபடி மூச்சுவிட்ட எஞ்சின்



கிண்டி தொழிற்பேட்டையிலும் நம் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளிலும் லேத் முன்னால் நிற்கும் என் பழைய மாணவர்கள் பலர். இந்தப் பதிவு முதலில் அவர்களுக்கு.

1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன் கம்பெனி ஈஸ்ட் இந்தியன் ரயில்வேக்குச் செய்துகொடுத்த எஞ்சின்களில் இரண்டு இன்றும் மிஞ்சியிருக்கின்றன. எண் 21 'எக்ஸ்பிரஸ்', எண் 22 'ஃபேரி குயின்'. இரண்டும் 1909-இல் ஓய்வு பெற்றவை. அதன்பின் 21 ஜமால்பூரிலும் ஹவுராவிலும் நூறு வருஷம் காட்சிப் பொருளாக நின்றது. பெயின்ட் அடித்து மேடையில் ஏற்றிவிட்டால் பாதுகாத்துவிட்டோம் என்று நினைக்கிறோம். உள்ளே துரு தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும்.

2010-இல் அதற்கு உயிர் கொடுத்தது நம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். (ஐ.சி.எஃப். வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.) இந்தப் பட்டறை 1856-இல் மெட்ராஸ் ரயில்வே தொடங்கியது. எஞ்சினுக்கும் பட்டறைக்கும் ஒரே ஒரு வயதுதான் வித்தியாசம்!

செய்த கம்பெனியே 1938-இல் மூடப்பட்டுவிட்டது. உதிரி பாகத்துக்கு எங்கே போவது? இப்படிப்பட்ட வேலையில் தேய்ந்த துண்டை அளந்து, தேய்வதற்கு முன் என்ன அளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, புதிதாகக் கடைந்தெடுக்க வேண்டும். அளவு நாடாவை விட அனுபவம்தான் அங்கே பேசும்.

பாய்லர்தான் பெரிய பயம். அதில் நேரே நீராவி ஏற்றிப் பார்க்க மாட்டார்கள். முதலில் தண்ணீரை நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்துக்கும் மேலே ஏற்றிச் சோதிப்பார்கள். தண்ணீர் அமுங்காது, விரிசல் இருந்தால் கசிவதோடு சரி. நீராவி என்றால் பக்கத்தில் நிற்பவர் உயிர் போகும். எட்டாம் வகுப்பில் நான் நடத்திய பாடம்தான், நினைவிருக்கிறதா?

2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு அது தன் பலத்திலேயே ஓடியது. பின்னாளில் எழும்பூரிலிருந்து நமக்குப் பக்கத்துக் கோடம்பாக்கம் வரைக்கும் வந்தது.

ஃபேரி குயின் 1997-லேயே மறுபடி தண்டவாளம் ஏறி, 1998-இல் கின்னஸில் இடம்பிடித்தது. 2011-இல் அதன் பாகங்களைத் திருடர்கள் கழற்றிப் போனார்கள். அதையும் சரிசெய்து 2012 டிசம்பரில் திருப்பி அனுப்பியது பெரம்பூர்தான்.

நீராவி எஞ்சினோடு பழகிய தலைமுறை ஓய்வுபெற்றுக்கொண்டே இருக்கிறது. உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ லோகோவில் வேலை பார்த்திருந்தால், அவர் சொன்னதைக் கீழே எழுதுங்கள். அவரே இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.