அரிக்கிற அமிலம் காவல் காக்கிற கதை

நம்ம வீட்ல எவர்சில்வர்னு சொல்றோமே, அந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏன் துருப்பிடிக்கறதில்லன்னு கேட்டா, 'அதுல குரோமியம் இருக்கு'ன்னு பதில் வரும். சரிதான், ஆனா பாதி பதில். எலும்புல போடற ஸ்க்ரூ, ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கற இடுக்கி, விமானத்தோட சின்னச் சின்ன பாகங்கள் இதெல்லாம் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு அமிலத் தொட்டிக்குள்ள இறங்கி ஏறும். இரும்பைத் தின்னக்கூடிய அமிலத்துல! ஏன் இறங்குது, எவ்வளவு அடர்த்தியான அமிலம், அந்தக் கணக்கை யார் எழுதினாங்க? இன்னைக்கு எபிசோடு இதுதான்.

கதை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே தொடங்குது. 1790-ல் ஜேம்ஸ் கெயர் என்ற வேதியியலாளர் ஒரு விநோதத்தைப் பதிவு செய்தார். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரும்பைப் போட்டால் புகை கிளம்பக் கரைகிறது. அடர்த்தியான அமிலத்தில் போட்டால் ஒன்றுமே ஆவதில்லை. யோசிச்சுப் பாருங்க, அமிலம் கடுமையாக ஆக இரும்புக்கு ஆபத்து குறையுது!

1836-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பேராசிரியராக இருந்த கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஷோன்பைன் இதைக் கையில் எடுத்தார். சில வருஷம் கழிச்சு ஓசோனைக் கண்டுபிடிச்சவரும் இவர்தான். அடர்த்தியான அமிலத்தில் முக்கி எடுத்த இரும்பை நீர்த்த அமிலத்தில் போட்டாலும் அது கரையவில்லை. லேசாகக் கீறினாலோ தட்டினாலோ உடனே பொங்கிக் கரைய ஆரம்பித்தது. இந்த அசையாத நிலைக்கு 'பாசிவ்' என்று பெயர் வைத்து, லண்டனில் இருந்த மைக்கேல் ஃபாரடேக்குக் கடிதம் எழுதினார். மேற்பரப்பு ஆக்சிஜனோடு சேர்ந்த நிலையில் இருக்க வேண்டும், அதுதான் காப்பாற்றுகிறது என்பது ஃபாரடேயின் கருத்து. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலத்தை இரும்பிலிருந்து தனியாகப் பிரித்தெடுக்க 1927 வரை ஆனது. கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவன்ஸ் அதைச் செய்தார்.

இதுக்கு நடுவுலதான் ஷெஃபீல்டு வருது. 1913 ஆகஸ்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல்கள் உள்ளே தேய்ந்துபோகும் பிரச்சினைக்காக 12.8 சதவீதம் குரோமியம் சேர்த்த எஃகை வார்த்தார். எஃகை மைக்ராஸ்கோப்பில் பார்க்க, முதலில் அதன் முகத்தை ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தால் அரிக்கவிடுவது வழக்கம். இந்த எஃகு அரிபட மறுத்தது. வினிகரையும் எலுமிச்சைச் சாறையும் கூட தாங்கியது. துப்பாக்கிக்கு வார்த்த எஃகு சாப்பாட்டு மேசைக் கத்திக்குப் போனது இப்படித்தான். ஆனா பிரியர்லி மட்டும்தான் கண்டுபிடிச்சார்னு சொல்ல முடியாது. ஜெர்மனியில் குரூப் நிறுவனத்தின் மாவ்ரரும் ஸ்ட்ராஸும் நிக்கலும் சேர்ந்த வகைக்கு 1912-லேயே காப்புரிமை கேட்டிருந்தார்கள்.

சாதாரண இரும்புக்கு அடர் அமிலம் தற்காலிகமாகக் கொடுத்த அதே நிலையை, 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் உள்ள எஃகு வெறும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சில நானோமீட்டர் தடிமன்தான். கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தால் தானே மூடிக்கொள்ளும்.

அப்படின்னா அமிலத் தொட்டி எதுக்கு? ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கடைசல், துளையிடுதல், தேய்த்தல் என்று வேலை செய்யும்போது, கருவிகளிலிருந்து இரும்புத் துகள்கள் அதன் மேல் ஒட்டிக்கொள்கின்றன. அவை துருப்பிடிக்கும், அந்த இடத்தில் படலமும் ஒழுங்காக மூடாது. அமிலத்தின் முதல் வேலை இந்த ஒட்டுண்ணி இரும்பைக் கரைப்பது. நைட்ரிக் அமிலம் கூடவே படலத்தையும் பலப்படுத்தும். இதற்குப் பெயர்தான் பாசிவேஷன்.

இங்கே அளவு முக்கியம். அமெரிக்க அரசின் பழைய விதியான கியூகியூ-பி-35 நைட்ரிக் அமிலத்தை நம்பியது. அதன் வழியில் வந்த ஏஎஸ்டிஎம் ஏ967-ல் இன்றும் இருக்கும் ஒரு முறை: கன அளவில் 20 முதல் 45 சதவீத நைட்ரிக் அமிலம், 21 முதல் 32 டிகிரி செல்சியஸ், குறைந்தது 30 நிமிடம். சூடாக்கினால் 20 முதல் 25 சதவீதம், 49 முதல் 60 டிகிரி, 20 நிமிடம். கெயர் பார்த்த அதே விநோதம் இங்கயும் தலைகாட்டும். தண்ணீரில் குளோரைடு கலந்து தொட்டி கெட்டுப்போனால், காக்க வேண்டிய அமிலமே பாகத்தைக் கருக்கிக் குதறிவிடும். கடைசலுக்கு எளிதாக இருக்கட்டும் என்று கந்தகம் சேர்த்த 303, 416 போன்ற வகைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

அந்த வகைகளுக்காக வந்த தீர்வு சோடியம் டைகுரோமேட். தொட்டியில் எடையில் 2.5 சதவீதம் கலப்பார்கள். பாகம் தப்பித்தது. தொட்டிப் பக்கத்துல நிக்கறவர்? டைகுரோமேட்டில் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. நைட்ரிக் அமிலத்திலிருந்து எழும் நைட்ரஜன் ஆக்சைடு புகை நுரையீரலைத் தாக்கும். நோயாளியின் உடலுக்குள் போகும் ஒரு ஸ்க்ரூ சுத்தமாக இருப்பதற்கான விலையை, அவர் பார்த்தே இராத ஒரு தொழிலாளி கொடுத்துக்கொண்டிருந்தார்.

திருப்பம் ஒரு நிர்வாக உத்தரவிலிருந்து வந்தது. 1994-ல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் வில்லியம் பெர்ரி, ராணுவத்துக்கென்று தனி விதிகள் எழுதுவதைக் குறைத்துப் பொதுத் தரநிலைகளைப் பயன்படுத்தச் சொன்னார். 1996-ல் ஏ967 வெளிவந்தது. அடுத்த வருடமே பழைய விதி விலக்கப்பட்டது. புதிய தரநிலையில் நைட்ரிக்குக்குச் சமமாக சிட்ரிக் அமிலமும் இடம்பிடித்தது. ஆமா, எலுமிச்சையில இருக்கற அதே அமிலம்தான்! எடையில் 4 முதல் 10 சதவீதம் போதும். 60 முதல் 71 டிகிரியில் 4 நிமிடம். 21 முதல் 49 டிகிரி என்றால் 20 நிமிடம். இது இரும்பு அயனிகளைக் கவ்விப் பிடித்துக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்கிறது. நச்சுப் புகை இல்லை, குரோமேட் இல்லை.

என்னைக் கவர்ந்தது இன்னொரு பிரிவு. பட்டியலில் இல்லாத அடர்த்தி, வெப்பம், நேரம் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பாகம் சோதனையில் தேறினால் போதும் என்கிறது அது. தண்ணீரில் முக்கி எடுப்பது, உப்புத் தூவலில் வைப்பது, காப்பர் சல்பேட் கரைசலில் 6 நிமிடம் நனைப்பது போன்ற சோதனைகள் உண்டு. கடைசி சோதனையில் இரும்புத் துகள் மிச்சமிருந்தால் அந்த இடத்தில் செம்பு படிந்து காட்டிக்கொடுக்கும். 'எப்படிச் செஞ்சே'ங்கறதைவிட 'வேலை செய்யுதா'ங்கற கேள்விதான் இங்க பெருசு. சிட்ரிக் மாதிரி புதுசா ஒண்ணு வர்றதுக்கு அந்தக் கேள்விதான் கதவு.

ஆனா கதவு திறந்ததும் எல்லாரும் உள்ள போயிடல. பழைய வரைபடங்களில் பழைய விதியின் பெயர் எழுதியிருந்தால், அதை மாற்ற வாடிக்கையாளர் சம்மதிக்க வேண்டும். எல்லா வகை எஃகுக்கும் சிட்ரிக் ஒரே மாதிரி பொருந்துமா என்றும் சோதித்தாக வேண்டும். தரநிலை என்பதும் அந்தப் படலம் மாதிரிதான்னு எனக்குத் தோணுது. கண்ணுக்குத் தெரியாது, ரொம்ப மெல்லிசு, ஆனா அதுக்குக் கீழதான் ஒரு நோயாளியும் ஒரு தொழிலாளியும் பத்திரமா இருக்காங்க.

ஒண்ணே ஒண்ணு: இதைக் கேட்டுட்டு வீட்ல நைட்ரிக் அமிலத்தைத் தொட்டுப் பார்க்காதீங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.