நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக்கான குழு

1889-இல் தோன்றி, ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட நாடாளுமன்றங்களுக்கிடையிலான ஒன்றியம் 1976-இல் அமைத்த குழு. கொலை, காவல், சித்திரவதை, பதவிப் பறிப்பு ஆகியவற்றுக்கு ஆளாகும் மக்கள் பிரதிநிதிகளின் முறையீடுகளை விசாரிக்கிறது. உறுப்பினர்களும் பல நாடுகளின் நாடாளுமன்றத்தினரே. அரசுக்கு எழுதிக் கேட்பது, நேரில் தூது செல்வது, வழக்கு விசாரணைக்குப் பார்வையாளரை அனுப்புவது ஆகியவை இதன் வழிகள். தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் கோப்பை எளிதில் மூடுவதில்லை. அந்த விடாப்பிடியே இதன் உண்மையான வலிமை.

பிலிப்பைன்ஸ் செனட்டராக இருந்த லைலா டி லிமா, போதைப்பொருள் ஒழிப்பின் பெயரால் நடந்த கொலைகளை விசாரிக்க முனைந்தவர். 2017 பிப்ரவரியில் போதைப்பொருள் வழக்குகளில் கைதாகி, ஆறரை ஆண்டுகளுக்கு மேல் காவலில் இருந்தார். குழு அவர் விடுதலையைத் தொடர்ந்து வலியுறுத்தியது. வழக்கைக் கவனிக்கப் பார்வையாளரையும் அனுப்பியது. 2023 நவம்பரில் பிணை கிடைத்தது. 2024 ஜூனில் கடைசி போதைப்பொருள் வழக்கும் தள்ளுபடியானது. விடுவித்தது நீதிமன்றமே என்றாலும், அவரை உலகம் மறக்காதிருந்ததில் குழுவுக்கும் பங்குண்டு.

இலங்கையில் 2005 கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியின்போது மட்டக்களப்புத் தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ஜோசப் பரராஜசிங்கம், 2006 நவம்பரில் கொழும்பில் கொல்லப்பட்ட நடராஜா ரவிராஜ் ஆகிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் வழக்குகளையும் குழு எடுத்துக்கொண்டது. ரவிராஜ் கொலை வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் 2016 டிசம்பரில் ஜூரி விடுவித்தது.